நூற்று எண்பது வாட் போதும்

மனிதர்களில் 'சட்டென்று சொல்லி' என்று ஓர் இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அந்தப் புத்தகத்துக்கு எத்தனை பக்கம் வரும் என்று அச்சகத்தில் கேட்டபோது பதில் சொன்னவரே இந்த இனத்தைச் சேர்ந்தவராக இருந்திருப்பார். கடைசி அத்தியாயத்துக்கு இடம் இல்லாமல் போயிருக்கும்.

இந்த இனத்தின் இலக்கணம் ரொம்ப எளிது. 'எவ்வளவு' என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் இவர் காதில் விழக்கூடாது. விழுந்தால் போச்சு. எவ்வளவு தூரம், எவ்வளவு எடை, இந்தச் சுவருக்கு எவ்வளவு பெயிண்ட், அந்த லாரியில் எத்தனை மூட்டை, எதிர் வீட்டுக்காரருக்கு என்ன வயது, எதுவானாலும் சரி, கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்து நிற்கும். கேட்டவருக்கு ஓர் அவசரமும் இல்லை. அவசரமெல்லாம் இவருக்குத்தான். 'தெரியாது' என்று ஒரு சொல் தமிழில் இருப்பது இவருக்குத் தெரியும். ஆனால் அது மற்றவர்கள் உபயோகத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உனக்கு எப்படி அய்யா இவ்வளவு தெரியும் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். கேட்டால், 'முப்பது வருஷ அனுபவம்' என்று சட்டென்று சொல்லிவிடுவேன். விரல்விட்டு எண்ணினால் பத்தொன்பதுதான் தேறும்.

ஒருவரைப் பிடித்துக் காட்டினால்தான் விளங்கும். நம்மவருக்கு வயது ஐம்பத்தொன்று. கண்ணாடி பாட்டில் செய்கிறவர்களுக்கு வேண்டிய இயந்திரங்களைக் கட்டிக் கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் டிசைன் வேலை. முகத்துக்கு நேரே 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'சுமார்'. ஏனென்றால் எந்தப் பதிலையும் அவர் "சுமாரா..." என்றுதான் தொடங்குவார். இந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியாது என்று பட்டறையில் எல்லோரும் நம்புகிறார்கள். அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூட.

கேள்வி வந்ததும் ஒரு சடங்கு நடக்கும். இடது கண் பாதி மூடும். வலது கண் மேலே விட்டத்தைப் பார்க்கும். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மேலும் கீழும் ஓடும். உதடு அசையும். பார்க்கிறவர்கள், ஆகா, உள்ளே ஒரு பெரிய கணக்கு ஓடுகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே என்ன ஓடுகிறது? ஒன்றும் ஓடவில்லை. எந்த எண் சொன்னால் எடுபடும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. முழு எண்ணைச் சொல்லக்கூடாது. நூறு என்றால் குத்துமதிப்பு என்று ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தொண்ணூற்றாறு என்று சொல்லிப் பாருங்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். இருநூறு சொன்னால் ஊகம்; நூற்று எண்பது சொன்னால் கணக்கு. நம்மவர் வாழ்நாளில் முழு நூறு சொன்னதே கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். ஜன்னல்களுக்குத் திரைத்துணி எடுக்க வேண்டும், டேப் எங்கே என்று அவர் மனைவி மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறவர், ஆகவே அளவு என்றால் அளந்துதான் பழக்கம். "டேப் எதுக்கு? சுமாரா பதினொண்ணேகால் மீட்டர்" என்றார் நம்மவர், செருப்பை மாட்டிக்கொண்டே. பதினொண்ணேகால் மீட்டர் வந்தது. தைத்து மாட்டியதும் மூன்று ஜன்னல் தரைவரை மூடிக்கொண்டது, நாலாவது ஜன்னல் முழங்காலோடு நின்றுவிட்டது. தப்பு என்று ஒப்புக்கொண்டாரா? மூச்! "கீழே காத்து வரணும்னுதான் அப்படிக் கணக்கு போட்டேன்" என்றார். இன்றைக்கும் அந்த ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது, கூடவே எதிர் வீட்டு நாயும் எட்டிப் பார்க்கிறது.

இப்படித் திரைத்துணியோடு போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. வினை ஒரு பாட்டில் ரூபத்தில் வந்தது.

பட்டறையில் ஓர் இயந்திரம் செய்கிறார்கள். பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக ஓடி வரும். கேமரா ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கும். கீறல் விழுந்த பாட்டில் வந்தால் போதும், பக்கவாட்டிலிருந்து ஓர் அலுமினியக் கை பாய்ந்து வந்து, அந்தப் பாட்டிலை மட்டும் தட்டித் தொட்டியில் தள்ளிவிட்டு, அடுத்த பாட்டில் வருவதற்குள் உள்ளே போய்விடும். கையை ஓட்டுவது மின்காந்தம். ஒரு பெரிய காந்தம், அதன் நடுவில் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள். காயிலில் கரண்டு பாய்ந்ததும் அது துள்ளும், கையும் சேர்ந்து துள்ளும். பழைய இயந்திரத்தில் இந்தத் துள்ளல் இருபது மில்லிசெகண்டில் நடந்தது. நொடியை ஆயிரமாக நறுக்கி அதில் இருபது துண்டு. அதற்குத் தொண்ணூறு வாட் பவர் சப்ளை போதுமாக இருந்தது.

பாட்டில் கம்பெனிக்காரர்கள் புது இயந்திரம் கேட்டார்கள். வேகம் ரெண்டு மடங்கு வேண்டும். அதாவது கை பத்து மில்லிசெகண்டில் பாய்ந்தாக வேண்டும்.

முதலாளி கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலுக்குப் போகிற வழியில், நடைபாதையில் நம்மவரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்தா நம்மவர் கை கழுவ வர வேண்டும்?

"ஏம்ப்பா, புது மெஷின்ல அந்தக் கைக்கு எவ்வளவு பவர் வேணும்?"

கண் பாதி மூடியது. விரல் ஓடியது. பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சுமாரா நூத்தி எண்பது வாட் போதும் சார்."

"நிச்சயமா?"

"நூத்தி எண்பது, சார்."

ரெண்டு மடங்கு வேகம், ஆகவே ரெண்டு மடங்கு பவர். தொண்ணூறும் தொண்ணூறும் நூற்று எண்பது. முடிந்தது. முதலாளி காரில் ஏறும்போதே போனில் நூற்று எண்பது வாட் சப்ளைக்கு ஆர்டர் சொல்லிவிட்டார். நம்மவர் கையைக் கழுவாமலே திரும்பி வந்தார்.

மேசையில் உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் போட்டார். ஆமாம், பிறகுதான். விடை முதலில், கணக்கு அப்புறம். இந்த இனத்தின் வேதமே அதுதான். சொன்னது சரி என்று ஒரு தாளில் எழுதி ஃபைலில் வைக்க வேண்டும், அதற்குத்தான் கணக்கு.

கணக்கு என்ன சொன்னது? ஒரு பொருளை அதே தூரம் பாதி நேரத்தில் கொண்டுபோக ரெண்டு மடங்கு வேகம் வேண்டும், வாஸ்தவம். ஆனால் அந்த வேகத்தை எட்டிப் பிடிக்கக் கிடைக்கிற நேரமும் பாதிதானே? அப்போது தள்ளுகிற விசை நாலு மடங்கு ஆகிறது. விசை நாலு மடங்கு என்றால் காயிலில் கரண்டு நாலு மடங்கு. கரண்டு நாலு மடங்கு என்றால் காயில் சுடுவது நாலு நாலு பதினாறு மடங்கு. கையை ஓட்டுகிற பவரோ, விசை நாலு, வேகம் ரெண்டு, ஆக எட்டு மடங்கு. பழைய தொண்ணூறில் இருபத்தேழரை வாட் சூட்டுக்குப் போனது, அறுபத்திரண்டரை ஓட்டத்துக்கு. முன்னதைப் பதினாறால் பெருக்கினார், நானூற்று நாற்பது. பின்னதை எட்டால் பெருக்கினார், ஐந்நூறு.

தொள்ளாயிரத்து நாற்பது.

நம்மவர் அந்த எண்ணைப் பார்த்தார். அந்த எண் நம்மவரைப் பார்த்தது. உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆள் என்றால், அடடா, தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று முதலாளிக்கு ஒரு போன் போட்டிருப்பான். (என்னை விட்டுவிடுங்கள், உங்களை மட்டும் சொல்கிறேன்.) நம்மவருக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது!

புதுத் தாள் எடுத்தார். கையும் காயிலும் சேர்ந்து நூறு கிராம் எடை என்று போட்டிருக்கிறோமே, அவ்வளவா இருக்கும்? நாலு ஓட்டை போட்டால் குறையாதா? எண்பது என்று வைப்போம். ஓட்டை தாளில்தான் போட்டார். கை இருபத்தைந்து மில்லிமீட்டர் நகர வேண்டுமா என்ன? பாட்டில் என்ன யானையா? இருபது போதும். பத்து மில்லிசெகண்ட் என்று கறாராக இருந்தால் எப்படி? உலகத்தில் எது சொன்ன நேரத்துக்கு நடக்கிறது? பதின்மூன்று. மறுபடி பெருக்கினார், வகுத்தார், கூட்டினார். கணக்கை அடித்துத் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டபோது சொட்டியது நூற்று எழுபத்தொன்பதே அரை வாட் சொச்சம்.

"பாத்தியா!" என்றார், அறையில் யாருமில்லாதபோது. கால் வாட்டுக்கு மேலேயே மிச்சம் கூட இருந்தது. முதல் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அதைக் கிழித்துப் போட மட்டும் ஏனோ கை வரவில்லை; நாளுக்கு நாள் சட்டை மாறினாலும் தாள் பைக்குப் பை மாறியது.

மறுநாள் காயில் கட்டுகிற அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், பட்டறையில் எந்தக் காயிலும் இவர் கைப்படாமல் போகாது. ஒரு முறை கட்டினால் நானூற்று இருபது சுற்று, எண்ணிக்கை தவறினால் பிரித்துவிட்டு முதலிலிருந்து.

"சார், எந்தக் கம்பி போடட்டும்? மெல்லிசா, தடிச்சதா? எவ்வளவு கரண்டு போகும்?"

"பழைய கம்பியே போதும்மா. நூத்தி எண்பது வாட்தான்."

அவர் போகவில்லை. "இல்ல சார், நேரம் பாதின்னு சொன்னாங்க. நேரம் பாதின்னா தள்ளு நாலு பங்கு வேணுமே? கரண்டும் நாலு பங்கு போகணுமே?"

நம்மவருக்குச் சட்டைப் பையில் ஏதோ குத்தியது. "அதெல்லாம் ஏட்டுக் கணக்கும்மா. கை எண்பது கிராம்தான், லேசா இருக்கு."

"நிறுத்துப் பாத்தேன் சார். நூறு காட்டுது."

"தராசை ரிப்பேருக்குக் குடு."

அந்த அம்மா, "சரி சார், நீங்க சொன்னா சரி" என்றார். 'நீங்க சொன்னா சரி' என்பதைப் பல விதமாகச் சொல்லலாம். மரியாதையாகச் சொல்லலாம், நம்பிக்கையோடு சொல்லலாம். இவர் சொன்னது மூன்றாவது விதம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் மெதுவாக. ஆகா, என்ன அடி! கீறல் பாட்டில் வந்தது, கை வந்தது, பாட்டில் தொட்டியில் விழுந்தது. நம்மவர் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இதிலென்ன ஆச்சரியம் என்கிற முகத்தோடு நின்றார். பிறகு முழு வேகத்துக்குத் திருப்பினார்கள். அங்கேதான் இயந்திரம் தன் குணத்தைக் காட்டியது. கைக்குத் தேவை தொள்ளாயிரத்துச் சொச்சம், சப்ளையிடம் இருப்பது நூற்று எண்பது. அது பாவம் எங்கே போகும்? மூச்சு வாங்கியது. கை கிளம்பியது, ஆனால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அது போய்ச் சேரும்போது கீறல் பாட்டில் தாண்டிப் போயிருந்தது. பின்னால் சமர்த்தாக வந்துகொண்டிருந்த நல்ல பாட்டில் அடி வாங்கித் தொட்டியில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அதே மாதிரி. குற்றவாளி விடுதலை, அடுத்து வந்தவருக்குத் தண்டனை.

நம்மவர் அசரவில்லை. கேமரா லென்ஸைத் துடைக்கச் சொன்னார். துடைத்தார்கள். பெல்ட் வழுக்குகிறது என்றார். இறுக்கினார்கள். பாட்டிலில் ஈரம் என்றார். துடைத்த பாட்டிலும் அடி வாங்கியது. புதன்கிழமை பிற்பகல் முதலாளி வந்து, "என்னப்பா ஆச்சு? நாளைக்குக் காலையில கம்பெனிக்காரங்க வர்றாங்க. இது தட்டலேன்னா ஆர்டர் நம்ம கைய விட்டுப் போயிடும்" என்றபோது, சப்பைக்கட்டு கட்ட ஒன்றும் மிச்சம் இல்லாமல், நம்மவர் வாயில் வந்தது இதுதான்: "காயில்ல ஏதோ கோளாறு மாதிரி தெரியுது சார். பாத்துக்கறேன்."

சொன்னது காயிலைத்தான். ஆனால் காயிலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாரே.

அன்று சாயங்காலம் வீட்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மனைவி எதிரில் உட்கார்ந்து விஷயத்தையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"ஏங்க, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிட்டாத்தான் என்ன?"

"உனக்குப் புரியாது. இருபது வருஷமா எல்லாரும் எங்கிட்டத்தான் வந்து கேக்கறாங்க. ஒரு தடவை தப்புன்னு சொல்லிட்டேன்னா அப்புறம் யாரு கேப்பா?"

"கேக்காட்டி?"

நம்மவர் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அவரிடம் வேறு என்ன இருக்கிறது? நடைபாதையில் நாலு பேர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்து நிற்கிறார்களே, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகிறார். சிரிக்காதீர்கள். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை.

"தப்பாச் சொல்லாத ஆளுகிட்டதான் கேப்பாங்கன்னு யாரு சொன்னா?" என்றார் மனைவி. "அந்த ஜன்னலைப் பாத்துக்கிட்டே இன்னும் நான் உங்ககிட்டக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

வியாழக்கிழமை காலை கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். ரெண்டு பேர் டை கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள். மூன்றாவது ஆள் ஒரு பெண், தரம் பார்க்கும் அதிகாரி. அவர் நேராகப் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். இயந்திரம் ஓடியது. கீறல் பாட்டில்கள் வரிசையாக ஊர்வலம் போயின. நல்ல பாட்டில்கள் தொட்டியில் விழுந்து நொறுங்கின. அதிகாரி நொறுங்காத ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கீறலே இல்லையே?"

முதலாளி முகத்தில் ஈ ஆடவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை, காயில் கட்டும் அம்மாவின் மேல் போய் நின்றது.

"என்னம்மா காயில் கட்டியிருக்கே? இத்தனை வருஷம் கட்டி இதுதான் லட்சணமா? நேத்தே சார் சொன்னாரு, காயில்ல கோளாறுன்னு!"

அந்த அம்மா முதலாளியைப் பார்க்கவில்லை. திரும்பி நம்மவரைப் பார்த்தார். கோபம் கூட இல்லை அந்தப் பார்வையில். இவரா சொன்னார் என்கிற ஒரு கேள்விதான் இருந்தது. பட்டறையில் அத்தனை பேரும் இருந்தார்கள். நானூற்று இருபது சுற்று எண்ணிக் கட்டின காயில், ஒரு சுற்றுக் கூடக் குறையாத காயில், அங்கே தலைகுனிந்து நின்றது மாதிரி நம்மவருக்குப் பட்டது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"காயில் நல்லாத்தான் சார் இருக்கு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்ன பவர்தான் தப்பு. தொள்ளாயிரத்து நாப்பது வாட் வேணும். நூத்தி எண்பதுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

தண்ணீர் குடிக்கிற பக்கம் யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் முதலாளி.

"சொல்லி அரை மணி நேரத்துல."

"அப்புறம்?"

"அப்புறம் அதை நூத்தி எண்பது ஆக்கிட்டேன்."

முதலாளிக்குத் திட்டுவதா என்ன செய்வதென்று தெரியவில்லை. அதிகாரி தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். பதினாறு மடங்கு என்ற இடத்தில் விரலை வைத்தார். டை கட்டியவர்களிடம் காட்டினார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. பவர் சப்ளைதான் பத்தல" என்றார். பிறகு நம்மவரைப் பார்த்து, "மாத்திட்டா ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும் மேடம். நிச்சயமா ஓடும்."

பட்டறை மூச்சுவிட்டது. நம்மவர் நெஞ்சில் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. உண்மையைச் சொல்வது இவ்வளவு சுலபமா, இது தெரியாமல் ஐம்பத்தொரு வருஷம் வீணடித்துவிட்டோமே என்று கண்ணில் தண்ணீர் கூட முட்டியது. புது மனிதன்! இனிமேல் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்வாரா அவர்?

"மாத்தறதுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்றார் அதிகாரி.

"ரெண்டே நாள்" என்றார் நம்மவர்.

கண்ணைக் கூட மூடவில்லை. சடங்குக்கே நேரம் கொடுக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"பதினோரு நாள் மேடம்" என்றது இன்னொரு குரல். காயில் கட்டும் அம்மா. அவர் விரல்விட்டு எண்ணினார், ஆனால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு காரணம் இருந்தது. "பெரிய சப்ளை வர்றதுக்கு அஞ்சு நாள், கடையில கேட்டுட்டேன். வந்ததும் பொருத்திப் பாக்க ஒரு நாள். தடிச்ச கம்பியில புதுக் காயில் கட்ட மூணு நாள், வார்னிஷ் காய ஒரு நாள், அதெல்லாம் சப்ளை வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். முழு வேகத்துல விடாம ஓட்டிப் பாக்க நாலு நாள். ஒரு நாள் எதுக்கும் இருக்கட்டும்."

அஞ்சும் ஒண்ணும் நாலும் ஒண்ணும், பதினொன்று. கடையில் எப்போது கேட்டார்? பிறகு தெரிந்தது, இயந்திரக் கையைத் தராசில் நிறுத்துப் பார்த்த அன்றைக்கே கேட்டுவிட்டாராம்.

அதிகாரி குறிப்பேட்டில் ஓர் எண் எழுதினார். எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ரெண்டு என்று எழுதப் பேனா ரெண்டு தடவை மேலிருந்து கீழே இறங்க வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் நாள் அவர்கள் வந்தபோது கை பாய்ந்தது, கீறல் பாட்டில் ஒன்று கூடத் தப்பவில்லை, நல்ல பாட்டில் ஒன்று கூட அடி வாங்கவில்லை. ஆர்டர் நிலைத்தது. இதெல்லாம் நல்ல சேதி. நம்மவருக்குக் கிடைத்த சேதி வேறு. முதலாளி இப்போதெல்லாம் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நடைபாதையில் நிற்பதில்லை. நேராகக் காயில் அறைக்குப் போகிறார். "ஏம்மா, இதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார். அந்த அம்மா தலையைத் தூக்காமல், "தெரியாது சார், பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்கிறார். முதலாளியும் சரி என்று போகிறார்! கூரை இடிந்து விழவில்லை. யாரும் அவரை மட்டமாக நினைக்கவில்லை. அதைக் கதவோரம் நின்று பார்த்தபோது நம்மவருக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு சுலபமான ஒரு வார்த்தை, அது ஏன் நமக்கு வரவில்லை?

பழகிப் பார்த்தார். குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து, தெ-ரி-யா-து என்று எழுத்துக் கூட்டிச் சொன்னார். நன்றாகவே வந்தது. அடுத்த வாரம் முதலாளி நடைபாதையில் அவரைப் பார்த்து நின்றார். எத்தனை நாளைக்குப் பிறகு! "ஏம்ப்பா, அந்தப் பெரிய பெட்டி என்ன எடை இருக்கும்?"

நம்மவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். நெற்றியில் வியர்த்தது. நாக்கைப் பல்லுக்கடியில் வைத்து, "தெரி..." என்றார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் டம்ளரை நிறுத்தினார்கள்.

"...ஞ்சவரைக்கும் முப்பத்தேழு கிலோ சார்."

பாவம், விட்டுவிடுவோம் அவரை. நான் யார் சொல்ல? இதை எழுதித் தருகிறேன் என்றபோது, எவ்வளவு நாள் ஆகும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். ஒரு மத்தியானம் போதும் என்றேன். இன்றைக்கு ஒன்பதாவது நாள்.

உங்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் அளந்து பேசுகிறவர், அளக்காமல் வாயைத் திறக்காதவர், பார்த்தாலே தெரிகிறது. ஒரே ஒரு சந்தேகம். இதைப் படிக்க உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல், "அடுப்பில வச்சிருக்கேன், கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டதே, அதற்கு "இதோ, ரெண்டே நிமிஷம்" என்று சொன்னது யார்? தாளை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். அடிப்பிடிக்கிற வாசனை எனக்கே வருகிறது.